புதுச்சத்திரத்தில் இறங்கிய கணவர்

அடுத்தவர் வீட்டுச் சண்டையைப் பார்த்துச் சம்பளம் வாங்கியவன் நான். தெருக்காரர்கள் ஜன்னல் திரையைக் கொஞ்சமாக விலக்கி இலவசமாகப் பார்ப்பதை, நான் நாற்காலி போட்டு உட்கார்ந்து, தலையாட்டிக்கொண்டே பார்த்தேன். அதற்குக் குடும்பநல ஆலோசகர் என்று பெயர். இந்த வேலை கிடைத்ததைக் கேள்விப்பட்ட என் மனைவியின் தம்பி, "மாமா, ஒரு செருப்பு வாங்கவே எங்க அக்காவக் கேட்டுட்டுத்தான் போறீங்க. உங்ககிட்ட வந்து யாரு ஆலோசன கேக்கப் போறாங்க?" என்றான். உண்மைதான். அக்காவைக் கேட்காமல் ஒருமுறை வாங்கிய செருப்பு கடித்தது.

சுனாமிக்குப் பிறகு கடலூர்க் கரையோரத்தில் வேலை செய்ய வந்த தொண்டு நிறுவனங்களுக்கு ஆட்கள் வேண்டியிருந்தது. நான் அஞ்சல் வழியில் உளவியல் எம்.ஏ. முடித்துவிட்டு, சிதம்பரத்தில் ஒரு டுடோரியலில், பத்தாம் வகுப்பில் தவறியவர்களுக்கு ஆங்கிலம் நடத்திக்கொண்டிருந்தேன். என்னிடம் படித்த பிறகு அவர்கள் இன்னும் உறுதியாகத் தவறினார்கள். ஆகவே டுடோரியலும் என்னைச் சந்தோஷமாக அனுப்பிவைத்தது. புதிய இடத்தில் பதினைந்து நாள் பயிற்சி. எதிரில் இருப்பவர் பேசும்போது குறுக்கே பேசாதே, தலையசை, கண்ணைப் பார் என்று சொல்லிக்கொடுத்தார்கள். நான் அதை அப்படியே பிடித்துக்கொண்டேன். முதன்முதலில் என் முன்னால் உட்கார்ந்த அம்மா பத்து நிமிடம் பேசிவிட்டு, "கழுத்துல எதுனா சுளுக்கா சார்?" என்று பரிவோடு கேட்டார்.

நிவாரண வேலைகள் முடிந்ததும் அதே நிறுவனம் கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே இரண்டு அறைகளை எடுத்து, கணவன் மனைவி தகராறுகளுக்கான மையம் ஒன்றைத் திறந்தது. என்னை அங்கே மாற்றினார்கள். வீடு சிதம்பரத்தில், மனைவி அங்கே ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். அகலப்பாதை வேலைக்காக ரயிலை நிறுத்தி வைத்திருந்த காலம் அது. காலையும் மாலையும் பேருந்துதான்.

மையத்துக்குத் தாமாக வந்தவர்கள் குறைவு. போலீஸ் ஸ்டேஷனிலிருந்து அனுப்புவார்கள், ஊர்ப் பஞ்சாயத்திலிருந்து அனுப்புவார்கள். வந்து உட்கார்ந்ததும் ஒவ்வொருவரும் ஒரு காரணத்தைச் சொல்வார்கள். காட்டுமன்னார்கோயில் பக்கத்து ரைஸ்மில் கணக்கர் ஒருவருக்கும் அவர் மனைவிக்கும் காரணம், மின்விசிறியை மூன்றில் வைப்பதா ஐந்தில் வைப்பதா என்பது. பரங்கிப்பேட்டைக்காரர் ஒருவர் வெளிநாட்டில் இருந்தார். அவர் மனைவிக்குக் காரணம், போனை யார் முதலில் வைத்தார்கள் என்பது. ஆரம்பத்தில் நானும் இந்தக் காரணங்களை நம்பினேன். விசிறியை நான்கில் வைக்கச் சொன்னேன். வைத்தார்கள். அடுத்த வாரம் கொசுவர்த்திக்குச் சண்டை போட்டுக்கொண்டு வந்தார்கள்.

மெல்ல மெல்லத்தான் புரிந்தது. காரணம் எதுவாக இருந்தாலும் ஒரு வீட்டின் சண்டை ஒரே வழியில்தான் போகிறது. அதே வரிசை, அதே வார்த்தை, அதே இடத்தில் அதே பழைய கதை. இதை அவர்களுக்கு எப்படிக் காட்டுவது என்று தெரியவில்லை. புத்தகத்தில் இருந்த வட்டங்களையும் அம்புக்குறிகளையும் போர்டில் போட்டால், சாமி கும்பிடுவதுபோலப் பார்த்துவிட்டு, "சரிங்க சார்" என்று எழுந்து போனார்கள்.

ஒரு மாலை பேருந்தில் தூங்கிக்கொண்டே போகும்போதுதான் யோசனை வந்தது. கண்ணைத் திறக்காமலே எனக்கு அடுத்தது எந்த ஊர் என்று தெரிந்தது. முதுநகர், காரைக்காடு, ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பு.முட்லூர், சிதம்பரம். வண்டி திரும்புவதை வைத்தே சொல்லிவிடலாம். சண்டையும் இதுதானே! எந்த டிரைவர் ஓட்டினாலும், எந்த வண்டியாக இருந்தாலும், நிற்கிற இடங்கள் மாறுவதில்லை. அதிலிருந்து ஒவ்வொரு தம்பதிக்கும் ஒரு சார்ட் பேப்பரில் சிதம்பரத்திலிருந்து கடலூர் வரைக்கும் ஒரு கோடு போட்டு, அவர்கள் சண்டையின் நிறுத்தங்களை எழுத ஆரம்பித்தேன். எனக்கு அதில் கொஞ்சம் தலைக்கனமும் சேர்ந்தது. தலைக்கனம் வந்தால் என்ன ஆகும் என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

இரண்டாயிரத்து எட்டில், மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிய வாரம், கடலூருக்குப் பக்கத்து மீனவக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். அவர் விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவர். முப்பத்தைந்து வயது இருக்கும். அந்த அம்மா முதுநகர் மார்க்கெட்டில் மீன் விற்றார். கணவருக்குத் தாய்மாமன் மகள். அதனால் அவரை 'மாமா' என்றுதான் கூப்பிடுவார். எட்டு வயதில் ஒரு பெண் குழந்தை. கூடவே ஊர்ப் பஞ்சாயத்துப் பெரியவர் ஒருவரும் வந்திருந்தார். அவர் உட்காரவில்லை.

"தடைக்காலம் முடிஞ்சி போட்டு கடல்ல எறங்குறதுக்கு மொத நாளு ஊரு கூடுது சார். இந்தப் பொண்ணு, தீத்து வுட்டுடுங்கன்னு ஊருல கேட்டுடுச்சி. அதுக்குள்ள ஒங்களால எதுனா ஆவுமான்னு பாருங்க. ஆவலன்னா தீத்து வுட்டுட வேண்டியதுதான்."

தீர்த்து விடுவது என்றால் ஊர் முன்னிலையில் உறவை முடித்துவைப்பது. அதற்குப் பிறகு குழந்தை ஒரு பக்கம், தாய் ஒரு பக்கம். இரண்டு ஊர்ச் சொந்தமும் ஒன்றுக்கொன்று முகம் பார்க்காது. எனக்கு நாற்பத்தைந்து நாள் இருந்தது. செவ்வாய்க்கிழமைதோறும் வரச் சொன்னேன். காலண்டரில் எண்ணினால் ஆறு செவ்வாய்.

பெரியவர் போனதும், கடைசியாக எதற்குச் சண்டை என்று கேட்டேன். கருவாடு காயவைத்த பாயை அவர் மடித்து எடுத்து வைக்கவில்லையாம். காக்கை பாதியைத் தின்றுவிட்டதாம்.

"அந்தச் சண்டையை இங்கேயே ஒருமுறை போட்டுக் காட்டுங்கள்" என்றேன்.

இருவரும் வெட்கப்பட்டார்கள். அந்த அம்மா முந்தானையை வாயில் வைத்துச் சிரித்தார். வெட்கம் இரண்டு நிமிடம் இருந்தது. அதற்குப் பிறகு ஜெராக்ஸ் கடைக்காரர் படியேறி வந்து எட்டிப் பார்த்தார்.

"ஒண்ணுமில்லைங்க, நடிக்கிறாங்க" என்றேன்.

"நல்லாத்தான் நடிக்கிறாங்க" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

அதற்கு முந்தைய சண்டையையும் போட்டுக் காட்டினார்கள். அது மகளின் தலைப்பேன் பற்றியது. அதற்கும் முந்தையது கோயில் திருவிழாவுக்கு யார் வீட்டார் முதலில் வந்தார்கள் என்பது. நான் கோடு போட்டு எழுதினேன். சிதம்பரம்: அம்மா ஒன்று கேட்கிறார், "ஏன் மாமா இப்புடி?" பு.முட்லூர்: அவர் பதில் சொல்வதில்லை; டி.வி.யையோ வலையையோ பார்க்கிறார். அம்மா மறுபடியும் கேட்கிறார். புதுச்சத்திரம்: 'மாமா' போய் 'யோவ்' வருகிறது. ஆலப்பாக்கம்: கல்யாணத்தில் அவருடைய அக்கா சொன்ன ஒரு சொல், பன்னிரண்டு வருடம் கழித்தும் சூடாக வந்து இறங்குகிறது. காரைக்காடு: அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போகிறார். முதுநகர்: அம்மா வாசலில் நின்று தெரு முழுக்கக் கேட்கும்படி கத்துகிறார். புதுநகர், கடைசி நிறுத்தம்: அவர் இரண்டு நாள் வீடு திரும்புவதில்லை, அம்மா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தாய்வீடு போய்விடுகிறார்.

எழுதி முடித்து நிமிர்ந்தேன். அந்த அம்மா வாயில் விரலை வைத்துக்கொண்டு சார்ட்டையே பார்த்தார்.

"தலப்பேனுக்கும் இதே ரூட்டா? கருவாட்டுக்கும் இதே ரூட்டா?"

"ஆமா" என்றார் அவர். "ஒரு நாளு கூட பஸ்சு லேட்டாவல."

அவர் பேசியதே அதுதான் முதல் முறை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அந்தப் பெருமையில்தான் அந்த அறிவுரையைச் சொன்னேன்.

"சண்டையே போடாதீங்கன்னு நான் சொல்ல மாட்டேன். எந்த ஊர் வந்திருக்குன்னு மட்டும் பாருங்க. புதுச்சத்திரம் வந்திடுச்சின்னா, ரெண்டு பேர்ல ஒருத்தர் இறங்கிடுங்க. அவ்வளவுதான்."

அன்று மாலை பேருந்து நிஜமான புதுச்சத்திரத்தைத் தாண்டும்போது எனக்கு நானே சிரித்துக்கொண்டேன். பக்கத்தில் இருந்தவர் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார்.

அடுத்த செவ்வாய், நான் கதவைத் திறக்கும் முன்பே அந்த அம்மா மட்டும் படிக்கட்டில் நின்றிருந்தார். இடுப்பில் காலிக் கூடை.

"சார், நீங்கதான் இவர எறங்கச் சொன்னீங்களா?"

"ஆமா... என்ன ஆச்சி?"

"என்ன மாமான்னு நான் வாயத் தொறந்தா போதும், 'புதுச்சத்திரம் வந்துடுச்சி, சார் எறங்கச் சொன்னாரு'ன்னு சட்டைய மாட்டிக்கினு போயிடுறாரு சார். முன்னாடியாவது காரக்காடு வரைக்கும் கூட வருவாரு. இப்ப வண்டி சிதம்பரத்துலேந்து கெளம்பறதுக்குள்ளயே குதிச்சிடுறாரு. வெள்ளிக்கெழம எறங்குனவரு ஞாயித்துக்கெழமதான் வந்தாரு. நான் எங்கம்மா ஊட்டுக்குப் போயிட்டேன். தீத்து வுட்டுடச் சொல்லி மறுபடியும் ஆளு அனுப்பிட்டேன். ஒங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டுப் போவலாம்னுதான் வந்தேன்."

நான் தலையாட்டினேன். அந்த அம்மா கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

பதினொரு மணிக்குக் கணவர் வந்தார். முகத்தில், வீட்டுப்பாடத்தை ஒழுங்காக முடித்துவிட்டு வந்தவரின் களை.

"நீங்க சொன்ன மாதிரியே கரெக்டா எறங்கிட்டேன் சார். ஒரு வாட்டி கூட தவறல."

"அவுங்க வீட்ட விட்டுப் போயிட்டாங்களே?"

"அதான் சார், எனக்கும் ஒண்ணும் புரியல."

எனக்கும் புரியவில்லை. ஆனால் அதை வெளியே சொல்ல முடியாத நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். சார்ட்டைச் சுருட்டி ரப்பர் பேண்டு போட்டு வீட்டுக்கு எடுத்துப் போனேன். சார்ட்டில் யார் பெயரும் கிடையாது, ஊர்ப் பெயர்கள்தான். வீட்டில் மேசை மேல் விரித்து, நான்கு மூலைக்கும் நான்கு டம்ளர்களை வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு பார்த்தேன். மனைவி எதிர்ப்பக்கம் ஆண்டுத் தேர்வுத் தாள் திருத்திக்கொண்டிருந்தார். சிவப்புப் பேனாவோடு அப்படியே எழுந்து வந்து, தலைகீழாகவே ஒருமுறை படித்தார்.

"இது யாரோட ரூட்டு?"

"யாரோடதும் இல்ல. சும்மா பொதுவா."

"நம்ம ரூட்டோன்னு பாத்தேன்."

"நாமல்லாம் எக்ஸ்பிரஸ் வண்டி. இந்த ஸ்டாப்புல எல்லாம் நிக்காது" என்றேன்.

மனைவி சிரித்தார். நான் தண்ணீர் குடிக்கச் சமையலறைப் பக்கம் கிளம்பினேன்.

"இதோ, எறங்கிட்டீங்க பாருங்க" என்றார்.

"என்ன?"

"நான் எது கேட்டாலும் ரெண்டாவது கேள்விக்கு ஒரு ஜோக் அடிப்பீங்க. நான் சிரிச்சித் தொலைச்சிடுவேன். சிரிச்ச உடனே எழுந்து போயிடுவீங்க. கேட்ட கேள்வி மட்டும் என்கூட உக்காந்திருக்கும். இவரு சட்டைய மாட்டுறாரு, நீங்க ஜோக்க மாட்டுறீங்க. அவ்வளவுதாங்க சார் வித்தியாசம்."

'என்னங்க' போய் 'சார்' வந்தால் எங்கள் வீட்டில் என்ன ஊர் என்று எனக்குத் தெரியும். ஆகவே டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

மனைவி சார்ட்டில் முதுநகரைப் பேனாவால் தொட்டார். "இந்த அம்மா வாசல்ல நின்னு கத்துறாங்கன்னு எழுதியிருக்கீங்க. எதுக்குக் கத்துறாங்கன்னு கேட்டீங்களா?"

கேட்கவில்லை. கோபத்தில் கத்துகிறார் என்று நானே முடிவு செய்துவிட்டேன். கத்துகிறவர்களை எனக்கு எப்போதுமே பிடிக்காது. யாராவது குரலை உயர்த்தினால் நான் இறங்கிவிடுகிற ஆள். எனக்கு எது வசதியோ அதையே வைத்தியம் என்று எழுதிக்கொடுத்திருக்கிறேன். வாங்கிக்கொண்டவரும் என்னைப்போலவே இறங்குகிற ஆள். அவர் ஏன் அவ்வளவு சந்தோஷமாக இருந்தார் என்பது இப்போது புரிந்தது. மனைவி முதுநகரைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம் போட்டு, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டு, தாள் திருத்தப் போய்விட்டார். மதிப்பெண் போடாமல் விட்டது கருணைதான்.

அந்த அம்மாவைத் திரும்ப வரவைப்பது சுலபமாக இல்லை. மார்க்கெட்டுக்கே போனேன். கூட்டத்தில் நின்று, "இன்னும் ஒரே ஒரு தடவை வாங்க. நான் சொன்னது தப்பு" என்றேன். பக்கத்தில் மீன் விற்றுக்கொண்டிருந்தவர், "ஏண்டி, சாரு ஒன்கிட்ட மன்னிப்பு கேக்குறாருடி, போயேன்" என்று எடுத்துக்கொடுத்தார். அந்த அம்மா மீனை நறுக்கிக்கொண்டே, "பாக்கலாம்" என்றார்.

மூன்றாவது செவ்வாய் இருவரும் வந்தார்கள். இருக்கிற அறையில் எவ்வளவு தள்ளி உட்கார முடியுமோ அவ்வளவு தள்ளி உட்கார்ந்தார்கள். நான் சார்ட்டை மாட்டிவிட்டு, எழுதி வைத்திருந்ததைப் படிப்பதுபோல ஒரே மூச்சில் சொன்னேன்.

"இறங்கச் சொன்னது என் தப்பு. நானும் வீட்டுல அப்படித்தான். சண்டை வந்தா ஜோக் அடிச்சிட்டு எழுந்து போயிடுவேன். என் பழக்கத்தையே உங்களுக்குச் சொல்லிக்குடுத்துட்டேன்."

இருவரும் என்னையே பார்த்தார்கள். அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"பாத்தியா, சாரே எறங்குறாராம்!"

"அதான் பாத்தேன்" என்றார் அந்த அம்மா. "அந்த அக்கா பாவம்."

"ஆமா, பாவம்" என்றேன். பிறகு சிவப்பு வட்டத்தைக் காட்டினேன். "இங்க நான் கேக்காம விட்டுட்டேன். வாசல்ல நின்னு ஏம்மா கத்துறீங்க?"

"கோவம் வந்தா கத்த மாட்டாங்களா?"

"உள்ள இருக்கறப்ப இவ்வளவு சத்தம் இல்ல. அவரு வெளிய போனதுக்கப்பறம்தான் சத்தம் ஜாஸ்தியாவுது. அவரு தூரமா போகப் போகக் கூடுது."

அந்த அம்மா என்னைப் பார்க்காமல், சார்ட்டைப் பார்த்துச் சொன்னார்.

"சுனாமி அன்னிக்கிக் காத்தால இப்புடித்தான் போனாரு சார். எதுக்குச் சண்டன்னு கூட ஞாபகம் இல்ல. சட்டைய மாட்டிக்கினு போயிட்டாரு. கடலுக்குப் போனாரா, ஊருக்குள்ள போனாரான்னு தெரியாது. நான் கோவத்துல கேக்கல. அப்பறம் தண்ணி வந்துச்சி. புள்ளயத் தூக்கிக்கினு ஓடுனேன். எல்லாரும் ஒங்க ஊட்டுக்காரரு எங்க, எங்கன்னு கேக்குறாங்க. எனக்குச் சொல்லத் தெரியல. சாயங்காலந்தான் வந்து சேந்தாரு. அதுலேந்து, இவரு சட்டையத் தொட்டாலே எனக்கு அந்தக் காத்தாலதான் ஞாபகம் வருது."

கணவர் நாற்காலியில் நேராக உட்கார்ந்தார். "இத நீ சொன்னதே இல்லயே?"

"எப்பச் சொல்றது? நீதான் நிக்கவே மாட்டியே."

"நீ என்ன அசிங்கப்படுத்தத்தான் கத்துறன்னு நெனச்சேன். தெருவே பாக்குது."

"எங்க போறன்னுதான்யா கத்துறேன். காதுல வுழுந்தா திரும்பிப் பாப்பன்னு."

எனக்கு ஒரு ஜோக் வந்தது. நல்ல ஜோக். மின்விசிறியைப் பற்றியது. வாய்வரைக்கும் வந்ததை விழுங்கினேன். என் ஆலோசகர் வாழ்க்கையில் நான் செய்த மிகக் கடினமான வேலை அதுதான்.

வழி சொன்னது நானில்லை, கணவர்தான். தரையைப் பார்த்தபடி சொன்னார்: "எங்க ஆளுங்க போட்டு எறக்குறப்ப எந்தப் பக்கம் போறோம், எப்பத் திரும்புவோம்னு கரையில ஒரு ஆள்கிட்ட சொல்லிட்டுத்தான் சார் போவோம். சொல்லாம போவ மாட்டோம். ஊட்ட வுட்டு எறங்குறப்பதான் சொன்னதில்ல."

"சொல்ல முடியுமா?"

"இவ கத்துனா எனக்கு நாக்கு கட்டிக்குது சார். ரெண்டு வார்த்தன்னா சொல்லிடலாம்."

அதையே எழுதினோம். காரைக்காட்டில் அவர் இறங்கலாம். ஆனால் எங்கே, எவ்வளவு நேரம் என்று சொல்லிவிட்டு இறங்க வேண்டும். முதுநகரில் அந்த அம்மா கத்தலாம். ஆனால் சொன்ன நேரம் முடிந்த பிறகுதான்.

எல்லாம் உடனே சரியாகிவிட்டது என்று எழுத ஆசைதான். அந்த அம்மா தாய்வீட்டிலேயே இருந்தார்; இவர் குழந்தையைப் பார்க்கும் சாக்கில் சைக்கிளில் போய்வந்தார். முதல் தடவை, "சலூனுக்கு, ஒரு மணி நேரம்" என்று சொல்லிவிட்டுப் போனவர் சீட்டாட உட்கார்ந்து மூன்று மணி நேரம் கழித்து, முடியும் வெட்டாமல் வந்தார். விதிப்படி அந்த அம்மா மீதி இரண்டு மணி நேரமும் கத்தினார். நான்காவது செவ்வாய் முழுக்க அந்த இரண்டு மணி நேரத்தைப் பற்றித்தான் பேசினோம். அதற்கடுத்த தடவை அவர் நேரத்துக்கு வந்துவிட்டார். ஆனால் அந்த அம்மா அதற்குள் கத்தி முடித்திருந்தார். "வாய் சும்மா இருக்க மாட்டங்குது சார், அது பாட்டுக்குப் போவுது" என்றார். தாய்வீட்டிலிருந்து திரும்பும் பேச்சே எடுக்கவில்லை. ஊர் கூடும் தேதி மட்டும் அதுபாட்டுக்கு வந்துகொண்டிருந்தது.

ஆறாவது செவ்வாய். மறுநாள் ஊர் கூடுகிறது. இருவரும் வந்து உட்கார்ந்ததுமே ஆரம்பித்துவிட்டது. பள்ளிக்கூடம் திறக்கப்போகிறது, மகளுக்கு யூனிபார்ம் தைக்க யார் கூட்டிப்போவது?

"நீ கூட்டிக்கினு போறேன்னு சொன்ன இல்ல மாமா?"

அவர் ஜன்னலைப் பார்த்தார்.

"கேக்குறேன் இல்ல?"

ஜன்னல்.

"யோவ், ஒன்னத்தான்யா!"

ஆலப்பாக்கமும் தவறாமல் வந்தது. அவருடைய அக்கா வந்தார், கல்யாணம் வந்தது. அவர் சடாரென்று எழுந்தார். நாற்காலி பின்னால் போய்ச் சுவரில் இடித்தது. கதவில் கை வைத்தார். நான் பேனாவை மூடினேன். நாளைக்குப் பெரியவருக்கு என்ன சொல்வது என்று யோசிக்கவும் ஆரம்பித்துவிட்டேன்.

அவர் கதவைப் பார்த்தபடியே சொன்னார். "கீழ டீக்கட. அஞ்சி நிமிசம்."

போய்விட்டார்.

அந்த அம்மா வாயைத் திறந்தார். என்னைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டு சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அந்தக் கடிகாரத்தை அவ்வளவு நேரம் நான் பார்த்ததே இல்லை. கம்பெனிப் பெயரில் ஓர் எழுத்து அழிந்திருந்தது. மூன்று நிமிடம். நான்கு. அவர் முந்தானை நுனியை விரலில் சுற்றினார், பிரித்தார், சுற்றினார். ஐந்து. உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. ஆறாவது நிமிடத்தில், விதிப்படி கத்த அவருக்கு உரிமை வந்துவிட்டது. கத்தவில்லை. படிக்கட்டில் காலடிச் சத்தம் கேட்டது.

அவர் பிளாஸ்டிக் கப்பில் மூன்று டீயோடு உள்ளே வந்தார். ஒன்று பாதி சிந்தியிருந்தது. அதைத்தான் எனக்குக் கொடுத்தார்.

"கடையில கூட்டம்" என்றார்.

அந்த அம்மா கப்பை வாங்கிக்கொண்டார். "ஏழு நிமிசம் ஆச்சி, மாமா."

'யோவ்' வந்த சண்டையில் அதே நாளில் 'மாமா' திரும்பி வந்து நான் அதுவரை கேட்டதில்லை. நோட்டில் அதை எழுதிக்கொண்டேன். டீயைக் குடித்துவிட்டு இருவரும் யூனிபார்ம் சண்டையை விட்ட இடத்திலிருந்து எடுத்தார்கள்.

மறுநாள் சாயங்காலம் பஞ்சாயத்துப் பெரியவர் போன் செய்தார்.

"என்ன சார் பண்ணீங்க அதுங்கள?"

"ஏங்க, என்ன ஆச்சி?"

"ஊரு கூடி உக்காந்திருக்கோம், எங்க முன்னாடியே ரெண்டும் சண்ட போடுதுங்க. அப்பறம் இவன் எழுந்து, 'ஒண்ணுக்குப் போறேன், ரெண்டு நிமிசம்'னு அவகிட்ட சொல்லிட்டுப் போறான். ஊருகிட்ட கேக்கல, அவகிட்ட சொல்றான்! திரும்பி வந்து உக்காந்து மறுபடியும் சண்ட."

"தீத்து விட்டுட்டீங்களா?"

"எங்கேந்து தீத்து வுடறது? என்னம்மா சொல்றன்னு கேட்டா, 'நான் ஊட்டுக்குப் போறேன், காத்தால இவரு போட்டுக்குச் சோறு கட்டணும்'னு எழுந்து போயிடுச்சி. சண்ட நிக்கலயே சார்? சண்டைய நிறுத்தத்தானே ஒங்ககிட்ட அனுப்புனோம்?"

"சண்டை நிக்காதுங்க."

"அப்ப ஆறு வாரமா என்னதான் பண்ணீங்க?"

நியாயமான கேள்வி. வேலையை விடும்வரை அதற்கு நல்ல பதில் ஒன்று எனக்குக் கிடைக்கவில்லை.

மூன்று வருடம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை முதுநகர் மார்க்கெட்டுக்கு மீன் வாங்கப் போனேன். அந்த அம்மாதான் முதலில் கண்டுபிடித்தார்.

"சார்! ஊட்டுல அக்கா நல்லா இருக்காங்களா? இன்னும் எறங்கி எறங்கி ஓடுறீங்களா?"

சுற்றி இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஓடும் பேருந்திலிருந்து குதிக்கிற ஆள் என்று நினைத்திருப்பார்கள்.

"கொறைச்சிக்கிட்டேன்" என்றேன்.

"சங்கரா எடுத்துக்கங்க. அக்காவுக்குப் புடிக்கும்." அக்காவுக்குச் சங்கரா பிடிக்கும் என்று நான் சொன்னதே இல்லை. எடுத்துக்கொண்டேன். அந்த அம்மா செதில் சுரண்ட ஆரம்பித்தார். பின்னால் அவர் கணவர் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"யோவ், ஐசு எங்கய்யா? காத்தாலேந்து சொல்லிக்கினு இருக்கேன்."

அவர் பதில் சொல்லவில்லை.

"யோவ்!"

அவர் கையைத் துடைத்துக்கொண்டு, தோளில் கிடந்த சட்டையை எடுத்து மாட்டினார். காரைக்காடு வந்துவிட்டது.

"ஐசு கம்பெனிக்கிப் போறேன். பத்து நிமிசம்" என்று, திரும்பிக்கூடப் பார்க்காமல் சொல்லிவிட்டுக் கூட்டத்துக்குள் போய்விட்டார்.

அந்த அம்மா தலையை நிமிர்த்தவில்லை. கையில் இருந்த கத்தி நின்று, மறுபடியும் ஓடியது.

"முழுசா போடவா சார், துண்டா போடவா?"